மரக்கட்டையை அடுக்கி நிரல் எழுத ஒரு பலகை

கட்டைகளை வரிசையாக வைத்துப் பொத்தானை அழுத்தினால் பொம்மை வண்டி ஓட வேண்டும். எது எந்தக் கட்டை என்று அறியக் கேமரா எல்லாம் வேண்டாம். கட்டைக்கு ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போதும்; ஒவ்வொரு கட்டளைக்கும் வேறு மதிப்பு.

அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் அனலாக் பின்கள் ஆறு, ஆகவே கட்டை வைக்க ஆறு குழிகள். ஒவ்வொரு பின்னையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் இணையுங்கள். கட்டையின் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வரும். 'முன்னே' 1 கிலோ ஓம் என்றால் ரீடிங் (பின் படிக்கும் எண்) சுமார் 93; 'இடது' 4.7 கிலோ ஓம், ரீடிங் 327; 'வலது' 10 கிலோ ஓம், 512; 'நில்' 22 கிலோ ஓம், 703. காலிக் குழி 1023 காட்டும். இருபுறமும் 30 வரை விலகலை ஏற்கலாம். ரெசிஸ்டர் 1 சதவீத வகையாக இருக்கட்டும்.

தொல்லை பெரும்பாலும் தொடுமுனையில்தான். கைவியர்வையும் அழுக்கும் தடையைக் கூட்டும். முதலில் குழம்புவது 1 கிலோ ஓம் கட்டை. ஸ்பிரிங் பின் (அழுத்தினால் உள்ளே அமுங்கும் ஊசி) போட்டால் தொடர்பு உறுதியாக இருக்கும். தொடுமுனையாக நியோடிமியம் காந்தம் வைத்தால் அதன்மேல் சால்டரிங் செய்யாதீர்கள், சூட்டில் வலுவிழக்கும். கழன்று வராதபடி பதியுங்கள், குழந்தை விழுங்கினால் பேராபத்து. பாதி அமர்ந்த கட்டை தப்பான எண் தரும். அதனால் பொத்தான் அழுத்திய பிறகே ஐந்து முறை படித்து, நடு மதிப்பை எடுங்கள்.

இன்னொன்று: ரெசிஸ்டருக்குத் தலைகால் கிடையாது. 'இடது' அம்புக்குறியைத் திருப்பி வைத்தால் கண்ணுக்கு 'வலது', பலகைக்கு இன்னமும் 'இடது'. கட்டையின் ஒரு மூலையைச் சீவி, குழியையும் அதே வடிவில் வெட்டுங்கள்.