ஹீட்டிங் வரவில்லையா? இன்ஜினியரைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

கேஸ் வாடை அடித்தால் எதையும் சோதிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள். பிரிட்டன் முழுவதற்கும் இதுதான் அவசர எண்.

வாடை இல்லையென்றால் முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். காம்பி பாய்லரில் (ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் ஒன்றே சூடாக்கித் தரும் பாய்லர்) பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

சுடுதண்ணீர் வந்தால் பாய்லர் எரிகிறது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட்டின் பேட்டரியை மாற்றி, அறையின் சூட்டைவிட நாலைந்து டிகிரி கூட்டி வையுங்கள். கரண்ட் போய் வந்திருந்தால் டைமரில் மணி சரியா என்று பாருங்கள். அப்படியும் ரேடியேட்டர்கள் சூடாகாவிட்டால் சூட்டைக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் வால்வு சிக்கியிருக்கலாம். அது இன்ஜினியர் கை வைக்க வேண்டிய இடம்.

சுடுதண்ணீரும் வராவிட்டால் கேஸ் அடுப்பு எரிகிறதா, ப்ரீபெய்ட் மீட்டரில் பணம் இருக்கிறதா, பாய்லரின் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரஷர் முள்ளைக் கவனியுங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே போனால் பல பாய்லர்கள் எரியவே மறுக்கும். பாய்லருக்கு அடியில் பின்னல் போட்ட வெள்ளி நிற ஹோஸ் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஃபில்லிங் லூப்: பிரஷர் குறைந்தால் தண்ணீர் நிரப்பும் குழாய். அதில் இரண்டு வால்வுகள் இருக்கும். வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, ஒரு வால்வைத் திறந்தபின் மற்றதை மெல்லத் திருப்புங்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். முள் 1.3-க்கு வந்ததும் இரண்டையும் இறுக மூடுங்கள். மூட மறந்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். சில வால்வுகள் அதற்குப் பிறகு சரியாக மூடாமல் ஒழுகவே ஆரம்பித்துவிடும்.

உறைபனிக் காலையில் பாய்லர் களக்களக் என்று சத்தம் போட்டு நின்றால், பாய்லரின் கழிவுநீரை வெளியேற்ற வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் கண்டென்சேட் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். பனி இளகியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள்.

இரண்டு முறை ரீசெட் செய்தும் எரியாவிட்டால் திரையில் தெரியும் எரர் கோடைக் குறித்துக்கொண்டு, கேஸ் சேஃப் (கேஸ் இன்ஜினியர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, அதன் பின்பக்கத்தில் பாய்லர் வேலைக்கான தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில நாளுக்கொருமுறை பிரஷர் இறங்கினாலும் அவரிடமே சொல்லுங்கள்: எங்கோ ஒழுகுகிறது, அல்லது சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று இறங்கிவிட்டது.