இருவாச்சி பார்க்கப் போகிறீர்களா? கூட்டை விசாரிக்காதீர்கள்

வால்பாறைக்குப் போகிறவர்களில் பலருக்கும் பெரிய இருவாச்சியை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் போன உடனே "கூடு எங்கே இருக்கு?" என்று விசாரிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

ஆண்டின் முதல் சில மாதங்கள் இவற்றுக்கு அடைகாக்கும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டு, எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே இருக்கும்போதே சிறகுகளை உதிர்ப்பதால் அதனால் பறக்கவும் முடியாது. சாப்பாட்டுக்கு ஆணை விட்டால் வேறு வழியில்லை. ஆண் அத்திப்பழங்களைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே எக்கி, அலகு நுனியில் பிடித்துக் கீற்று வழியாகக் கொடுக்கும். மரத்தடியில் ஆள் நின்றால் பல சமயம் அது பொந்துக்கு வராமல் தள்ளியே உட்கார்ந்துவிடும். நல்ல வெளிச்சம் வரட்டும் என்று நீங்கள் இரண்டு மணி நேரம் நின்றால், உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் அந்த வேளைச் சாப்பாடு போச்சு. சத்தமே போடவில்லை என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

எதேச்சையாகக் கூடு கண்ணில் பட்டாலும், படத்தோடு இடத்தையும் சேர்த்து இணையத்தில் போடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலு கார் நிற்கும். ஒரே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பறவை என்பதால் தொல்லை அந்தப் பருவத்தோடு முடிவதில்லை. ட்ரோன், பதிவு செய்த குரலைப் போட்டுக் கூப்பிடுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, பின்னே எங்கே பார்ப்பது? பழுத்து நிற்கும் அத்தி மரத்தையோ ஆல மரத்தையோ காலையிலேயே கண்டுபிடித்து, தள்ளி உட்காருங்கள். இறக்கைச் சத்தம் பறவைக்கு முன்னாலேயே வந்துவிடும். நீராவி ரயில் மூச்சு விடுவதைப் போல. கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளுத்திருந்தால் பெண். அலகின் மேலே மஞ்சளாக ஒரு புடைப்பு இருக்கும், பார்க்கத்தான் கனம், உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். அது இல்லாமல், உருவமும் சிறுத்து, சாம்பல் நிறத்தில் இருந்தால் நீங்கள் பார்ப்பது மலபார் சாம்பல் இருவாச்சி. வாட்ஸ்அப்பில் இருவாச்சி என்று சுற்றும் படங்களில் சில தூக்கான். அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை, ஆனைமலையில் கிடையாது.

பழம் மட்டுமே தின்னும் சாது என்று நினைப்பதும் தப்பு. ஓணான், எலி, மற்ற பறவைகளின் குஞ்சு எல்லாம் உள்ளே போகும்.

அப்புறம், தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பொந்து விழுந்த கிழட்டு மரம் எதற்கு என்று வெட்டிவிடாதீர்கள். மரங்கொத்தி மாதிரி இதற்குப் பொந்து குடையத் தெரியாது, இருப்பதில்தான் குடியேற வேண்டும். புதிதாக நடுவதானால் சில்வர் ஓக்கோடு நிறுத்தாமல் அத்தி, நாவல், கருங்குங்கிலியம் என்று அந்தக் காட்டு மரங்களையும் நடுங்கள்.