ட்ரையல் வாரத்தை வசூல் செய்யாதீர்கள்

சென்னையில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்ன ஃபிட்னஸ் ஸ்டுடியோ. ஓர் அறை, இருபது பேர், சுவரில் டைமர், காதைப் பிளக்கும் பாட்டு, 45 நிமிடம் ஹிட் (HIIT) வகுப்பு. கொஞ்ச நேரம் முழு மூச்சில் செய்வது, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி முழு மூச்சு. வாரத்தில் சில காலைகள் அப்படியொரு அறையில் நானும் வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் செய்யும் கூத்தில் பாதி, நானும் ஒரு காலத்தில் ஆடியதுதான். துண்டு, தண்ணீர் பாட்டில், நேரத்துக்கு வருவது எல்லாம் ரிசப்ஷனிலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாதவை மட்டும் இங்கே.

ஏழு நாள் பாஸ், ஏழு வகுப்பு

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏறக்குறைய எல்லா ஸ்டுடியோவிலும் ஒரு ட்ரையல் பாஸ் உண்டு. குறைந்த காசு, ஒரு வாரம், எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் வரலாம். உடனே நம் ஆட்களுக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை முழித்துக்கொள்கிறார். கல்யாணப் பந்தியில் மொய்க்கு ஈடாகச் சாப்பிட உட்காருவது போல, திங்கட்கிழமை கால், செவ்வாய் கை, புதன் முழு உடம்பு என்று வரிசையாக புக் செய்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் முந்தைய பல வருடங்களில் அவர்கள் செய்த அதிகபட்ச உடற்பயிற்சி, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்று மாடி ஏறியதாக இருக்கும்.

முதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குந்தும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கிக் கீழே இறக்குகிறது. குதித்துத் தரையில் இறங்கும்போதும் அப்படித்தான். எழும்புவதைவிட இந்த இறக்கும் வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை அதிகம் உண்டாக்கும். வகுப்பு முடிந்ததும் ஒன்றும் தெரியாது. "செமையா இருந்துச்சு மேடம், நாளைக்கும் வரேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். வலி மறுநாள்தான் ஆரம்பிக்கும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதற்குள் இவர்கள் இன்னும் இரண்டு வகுப்பை முடித்திருப்பார்கள்.

ஒரு பெண், மூன்றாம் நாள் காலை, ஸ்டுடியோ படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கைப்பிடியில், ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா". வகுப்பு முடிந்து போகிறார் என்று நினைத்தேன். மேலே ரிசப்ஷனில் பேர் கொடுத்துவிட்டு, கீழே வண்டியில் மறந்த ஷூவை எடுக்கப் போகிறாராம். அன்றைக்கு மெனக்கெட்டு உட்காரவைத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். "பாஸ் வேஸ்ட் ஆயிடுமே" என்றார்.

அவருக்கு வலியோடு போயிற்று. இன்னொருவருக்கு அப்படிப் போகவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும், ஐடி வேலை, நல்ல வாட்டசாட்டமான ஆள். வேறொரு ஸ்டுடியோவில் அடுத்தடுத்து மூன்று நாள், மூன்றிலும் கைக்கான வேலை. பக்கத்தில் இருந்தவர் நிறுத்தாததால் இவரும் நிறுத்தவில்லை. நான்காம் நாள் முழங்கையை நீட்ட முடியவில்லை, மேல்கை வீங்கிவிட்டது. வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று மாலை சிறுநீர் கோலா நிறத்தில் போயிருக்கிறது. ரத்தத்தில் சிகே (தசை சிதையும்போது கசியும் ஒரு நொதி) அளவு சில நூறுக்குள் இருக்க வேண்டியது. அவருக்கு ஐந்து இலக்கம். சில நாள் ஆஸ்பத்திரி, ட்ரிப் மேல் ட்ரிப்.

இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசை அளவுக்கு மீறிச் சிதையும்போது, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அரிதுதான். ஆனால் யாருக்கு வருகிறது என்று பார்த்தால், சோம்பேறிக்கு வருவதில்லை. மன உறுதி அதிகமாகவும் பழக்கம் குறைவாகவும் இருப்பவர்களுக்குத்தான். நின்ற இடத்து சைக்கிளை வேகமாக மிதிக்கும் ஸ்பின் வகுப்பை முதல் தடவை முடித்து வந்தவர்களிடம் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை. அதனால் சாதாரண வலிக்கும் மேலே வீக்கம், கை காலைத் தூக்க முடியாத பலவீனம், அடர் நிறச் சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.

சரி, என்னதான் செய்வது? முதல் வகுப்பில் பாதியை மட்டும் செய்யுங்கள். பாதி என்றால் நிஜமாகவே பாதி: பத்து முறை சொன்னால் ஐந்து, குதிக்கச் சொன்னால் நடை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, லாபம்தான் உண்டு. லேசான ஒரு தடவைக்குப் பிறகு அதே வேலையை மறுபடி செய்யும்போது தசை அவ்வளவாகச் சேதமாவதில்லை. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள்கூட நிற்கும். அந்த ஏழு நாளில் இரண்டு வகுப்பு போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. மிச்சம் ஐந்து நாள் வீணாகட்டும்.

ட்ரையல் வாரத்தில் தினமும் ஓர் ஆள் வருவதைப் பார்த்தும், கைதட்டி உற்சாகப்படுத்தி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் கோச்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

ஓய்வு நேரத்தில் துள்ளுவது

டைமரில் ஓய்வு என்று வரும். அப்போதும் சிலர் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருப்பார்கள், சும்மா நிற்பது ஏதோ குற்றம் மாதிரி. ஓய்வில்லாமல் செய்தால் அடுத்த சுற்றில் வேகம் வராது. எல்லாச் சுற்றும் ஒரே மந்த வேகத்தில் போய், ஹிட் வகுப்பு என்பது மூச்சிரைக்கும் ஏரோபிக்ஸாக முடியும்.

பெயர்ப் பலகையில் 'டபாட்டா' என்று போட்டு 45 நிமிடம் ஓட்டுகிற வகுப்புகளும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. மொத்தமே நான்கு நிமிடத்துக்கு மேல் போகாது. செய்தவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், அதுவும் நிலையாக நிற்கும் சைக்கிளில். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட முடியாத அளவுக்கு அவர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். அதே தீவிரத்தில் முக்கால் மணி நேரம் யாராலும் செய்ய முடியாது. செய்கிறோம் என்று நினைத்தால் தீவிரம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓய்வென்றால் சட்டென்று சிலையாக நிற்பதும் இல்லை. வேகமாக ஓடிவிட்டு அப்படியே நின்றால் ரத்தம் காலில் தங்கி, தலை சுற்றும். மெதுவாக நடந்துகொண்டிருங்கள்.

வாட்ச் சொல்வதை வேதமாக எடுப்பது

220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்கிறது பல வாட்ச்களில் உள்ள கணக்கு. நாற்பது வயதுக்கு 180. இது சராசரி மட்டுமே; ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு துடிப்பு மேலே கீழே இருப்பது சாதாரணம். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. வாட்ச் திரையில் உச்சத் துடிப்புக்கான சிவப்பு வரவில்லையே என்று அவர்கள் இன்னும் முடுக்குவார்கள், அதுதான் ஆபத்து. பேசிப் பாருங்கள். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் போதுமான தீவிரம். ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் குறையுங்கள்.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிப்பது

சுகர், பிரஷர், பழைய முழங்கால் அடி, கர்ப்பம். கோச்சிடம் சொன்னால் வெளியே அனுப்பிவிடமாட்டார், பயிற்சியை மாற்றித் தருவார். நெஞ்சில் இறுக்கம் எப்போதாவது வந்திருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் ட்ரையல்.

மெத்தை மாதிரி ஓட்ட ஷூ

பக்கவாட்டில் குதிக்கும்போது கணுக்கால் மடங்கும்; தட்டையான அடிப்பாகம் உள்ளதை வாங்குங்கள்.

கூச்சத்தில் கடைசி மூலை

திரும்பச் சொன்னதும் நீங்கள்தான் முதல் வரிசை. நடுவில் நில்லுங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஒருவர் இருப்பார்.

கேன்சல் செய்தால் காசு போகுமென்று காய்ச்சலோடு வருவது

போகட்டும்.

கடைசி நாள் கையெழுத்து

பாஸ் முடிகிற அன்று, வியர்வை காயும் முன்பே, "இன்னிக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்" என்று வருடப் பேக்கேஜை நீட்டுவார்கள். அடுத்த மாதமும் அதே ரேட்தான் இருக்கும், பல சமயம் இன்னும் குறையும். பத்து வகுப்புக்கு மட்டும் பேக் உண்டா என்று கேளுங்கள். அது எத்தனை நாளில் காலாவதியாகும், ஊருக்குப் போனால் நிறுத்திவைக்கலாமா, ஸ்டுடியோ இடம் மாறினால் பணம் திரும்ப வருமா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஜிபே செய்யுங்கள்.