கரையைத் தின்றது என் மருந்துத் தோம்புதான்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் அகல ஓடை. பாம்பு பயத்தில் கரைப் புல்லுக்கு வருடக்கணக்காகத் தோம்பில் (மருந்துத் தொட்டியில்) களைக்கொல்லி மருந்து கலந்து அடித்தேன். செம்பனைத் தோட்டத்தில் பழகிய கை. புல் செத்ததும் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. ஒரு நவம்பர் மழையில் கொய்யா மரம் ஓடைக்குள் சாய்ந்து கிடந்தது.

முதலில் உடைந்த சிமெண்டுக் கட்டிகளைக் கொட்டினேன். தண்ணீர் அதைச் சுற்றிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கரையை அரித்தது. அந்த அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் வெட்டிவேர்ப் புல். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் கரைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் இரண்டு வரிசை நட்டேன். நெருக்கம்தான் முக்கியம், இடைவெளி விட்டால் தண்ணீர் அங்கேதான் புகும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக 3 மீட்டர் வரை இறங்கும். இரண்டு மாதம் மாடுதான் தொல்லை, முள்கம்பி கட்டினேன்.

5 மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர் ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது ஜே.பி.எஸ். (மலேசிய நீர்ப்பாசன, வடிகால் துறை) வழிகாட்டி. அதற்குள் இப்போது மருந்து கிடையாது. நடைபாதை அகலத்துக்கு மட்டும் புல் வெட்டுகிறேன். பார்க்கக் காடு மாதிரிதான் இருக்கிறது, சரி, இருக்கட்டும். அடுத்த நவம்பரில் வெள்ளம் புல்லைப் படுக்க வைத்தது. காலையில் போய்ப் பார்த்தேன். தூரடியில் விரல் தடிப்புக்குப் புது வண்டல்.

பக்கத்து வீட்டு அக்கா பத்துத் தூர் கேட்டிருக்கிறார்.