டெல்டாவில் அரிமா சங்கம் தொடங்கும் முறை

1917இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவான அரிமா (லயன்ஸ்) சேவை இயக்கத்தின் சங்கமொன்றை மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ தொடங்க விரும்புவோர், முதலில் குறைந்தது 20 பேரைத் திரட்ட வேண்டும். சங்கங்கள் வட்டாரமாகவும், வட்டாரங்கள் மண்டலமாகவும் இணைந்து, அரிமா ஆளுநர் தலைமையிலான அரிமா மாவட்டத்தில் அடங்கும். இதை வருவாய் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுங்கள். பேச்சாளரைவிடக் கணக்கில் கறாரானவரே சங்கத்துக்கு முக்கியம் என்பேன். ஏனெனில், கண் சிகிச்சை முகாமுக்கென்று கடைத்தெருவில் ரசீது கொடுத்துத் திரட்டிய பணத்தில் கூட்டத்துக்குத் தேநீர்கூட வாங்கக்கூடாது. அது சேவைக் கணக்கிலேயே இருக்கவேண்டும், நிர்வாகச் செலவுக்கு உறுப்பினர் சந்தாவே உரியது.

சங்க ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். அப்போது குறுவை வேலையில் விவசாய உறுப்பினர்கள் வயலில் இருப்பார்கள் என்பதால், கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வையுங்கள்.