டெதரை எங்கே மாட்டுவது? பின்னோக்கி வைக்கும் கார் சீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மகளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, காரில் அவள் கார் சீட்டில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் மெல்போர்னிலிருந்து அக்கா போன். "டேய், மேல் பட்டையைக் கட்டாமலா பாப்பாவைக் கூட்டிட்டுப் போற?" நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். அக்கா காரில், பின்னோக்கி, அதாவது குழந்தை காரின் பின்பக்கம் பார்க்கும்படி வைத்த சீட்டின் உச்சியிலிருந்து ஒரு பட்டை (இதைத்தான் டெதர் என்கிறார்கள்) கிளம்பி, குழந்தைக்கு மேலே போய், பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு வளையத்தில் மாட்டியிருக்கும். என் சீட்டிலும் அதே மாதிரி பட்டை உண்டு, ஆனால் சுருட்டி அதற்கான பையில் போட்டு வைத்திருந்தேன். அக்கா சொல்லிவிட்டாளே என்று பயந்து, அன்று ராத்திரியே டார்ச் அடித்துக்கொண்டு போய், டிக்கியில் கண்ணில் பட்ட ஒரு கொக்கியில் அதை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதில் இரண்டு தவறு. என் சீட்டைப் பின்னோக்கி வைக்கும்போது அந்தப் பட்டையைப் பயன்படுத்தவே கூடாது. நான் மாட்டிய கொக்கியோ, மளிகைப் பைகள் உருளாமல் கட்டி வைக்கிற கொக்கி. அக்கா சொன்னது அவள் ஊருக்கும் அவள் சீட்டுக்கும் நூற்றுக்கு நூறு சரி. என் ஊருக்குத்தான் பொருந்தவில்லை.

சரி, இந்த டெதர் பட்டை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பின்னோக்கி வைத்த சீட்டில் குழந்தையின் தலைப்பக்கம் காரின் முன்பக்கம் இருக்கும், கால் பின் சீட்டின் சாய்மானத்தைப் பார்த்திருக்கும். கார் எதிரே எதிலாவது மோதினால் குழந்தை காரின் முன்பக்கமாகத் தள்ளப்படும், அப்போது கார் சீட்டின் முதுகு அவளைத் தாங்கிக்கொள்ளும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகத் தாங்கப்படுவதால் கழுத்து தனியாக இழுபடாது. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து எலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை, அதனால்தான் இந்தப் பாடெல்லாம். இந்த மோதலில் சீட்டும் சும்மா இருக்காது. முதலில் தலைப்பக்கம் முன்னும் கீழுமாகச் சாயும், அப்புறம் எகிறித் திரும்பி பின் சீட்டின் சாய்மானத்தை நோக்கி வரும்.

ஆஸ்திரேலியாவில் கட்டுகிற முறை, அந்த முதல் சாய்வைப் பிடிக்கிறது. பட்டை தலைப்பக்கத்திலிருந்து பின்னால் போவதால் சீட் முன்னால் கவிழாமல் இழுத்து வைக்கும். ஸ்வீடன் முறை இதற்கு நேர் எதிர். தலைப்பக்கத்திலிருந்து பட்டை முன்னால் கீழே இறங்கி, முன் சீட்டின் காலிலோ தரையில் இதற்கென்றே இருக்கும் வளையத்திலோ முடியும். அது இரண்டாவது அசைவை, அதாவது எகிறித் திரும்பி வருவதைத் தடுக்கும். ஒரே பட்டைதான், திசை மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. அமெரிக்காவிலோ பெரும்பாலான சீட்டுகள் பின்னோக்கி வைக்கையில் எந்த டெதரும் இல்லாமலேயே சோதனையில் தேறி வருகிறவை. டியோனோ கம்பெனியின் ரேடியன் சீட் மாதிரி ஒரு சில மட்டும் ஸ்வீடன் முறைக் கட்டுக்கு இடம் தருகின்றன. வேறு சிலவற்றில் தரையில் ஊன்றும் ஒரு கால் முதல் சாய்வைக் குறைக்கிறது, அல்லது பின் சீட்டின் சாய்மானத்தில் முட்டி நிற்கும் ஒரு கம்பி எகிறித் திரும்புவதைக் குறைக்கிறது.

ஆக, முதல் தவறு அடுத்தவர் காரைப் பார்த்துக் கட்டுவது. உங்கள் சீட்டின் மேனுவலில் "பின்னோக்கி" என்ற பகுதியை எடுத்து, அங்கே டெதர் என்ற சொல் வருகிறதா, வந்தால் எந்தத் திசை என்று பாருங்கள். "முன்னோக்கி வைக்கும்போது மட்டும்" என்று இருந்தால் பட்டையைச் சுருட்டி வைத்துவிடுங்கள். மேனுவல் தொலைந்துவிட்டதா? சீட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், கம்பெனி இணையதளத்தில் கிடைத்துவிடும். காரின் மேனுவலையும் கூடவே புரட்ட வேண்டும், அது வேறு.

இப்படி எங்கேயாவது கட்டிவிட வேண்டும் என்று நமக்குக் கை பரபரப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீட்டை மாட்டி முடித்ததும் எல்லோரும் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறோம். அது ஆடும், நன்றாகவே ஆடும். "இவ்வளவு லூசா இருக்கே" என்று பதறி, டெதரோ கயிறோ கிடைத்ததை வைத்து இழுத்துக் கட்டுகிறோம். ஆனால் தலைப்பக்கம் கொஞ்சம் ஆடுவது பின்னோக்கி வைத்த சீட்டில் இயல்புதான். சோதிக்க வேண்டிய இடம் பெல்ட் நுழைந்து வெளியே வருகிற இடம், அதாவது குழந்தையின் கால்பக்கம். அங்கே ஒரு கையால் பிடித்து, ரொம்ப முரட்டுத்தனம் இல்லாமல், இடம் வலமாகவும் முன் பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகராவிட்டால் போதும். நகர்ந்தால் பெல்ட்டைத்தான் இறுக்க வேண்டும், டெதர் அதற்கு மருந்தல்ல. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து நண்பர்கள் காரில் ஏறினாலே கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது, மனைவிக்கு இதில் கொஞ்சம் சங்கடம்தான்.

உங்கள் சீட்டுக்கு டெதர் அனுமதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், எங்கே மாட்டுவது. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு நண்பர் என்னைக் கூப்பிட்டு, "பாருங்க, ஸ்வீடன் ஸ்டைல்" என்று பெருமையாகக் காட்டினார். பட்டையை முன் சீட்டின் தலையணைக் கம்பியில் சுற்றிக் கொக்கியை மாட்டியிருந்தார். அந்தக் கம்பி மேலே இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும். நான் இழுத்தேன், வந்தது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்வீடன் முறையில் பட்டை கீழே, காரின் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய உலோக பாகத்தில் போய்ச் சேர வேண்டும். சீட்டுக் கம்பெனி தருகிற சின்ன இணைப்புப் பட்டையை அந்த உலோகக் காலைச் சுற்றிப் போட்டு, அதன் வளையத்தில் டெதர் கொக்கியை மாட்டுவார்கள். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையையோ, சீட்டுக்கு அடியில் ஓடுகிற ஒயரையோ சேர்த்துச் சுற்றிவிடக் கூடாது, மின்சாரத்தில் நகரும் சீட் என்றால் அடியில் ஒயர் கட்டுக் கட்டாக இருக்கும். மினிவேனில் மூன்றாவது வரிசையில் சீட் வைப்பவர்கள், முன் வரிசையின் கீழ் ஆங்கர் (கார் சீட்டை மாட்டுவதற்காகக் காரிலேயே பொருத்திய கம்பி) கைக்கு வசதியாக இருக்கிறதே என்று அதில் மாட்டுவதும் உண்டு. மேனுவலில் சொல்லாதவரை அதுவும் வேண்டாம்.

ஆஸ்திரேலிய முறையிலும், குழந்தை வளர்ந்து சீட்டை முன்னோக்கித் திருப்பிய பிறகும் டெதரை மாட்டத் தேவைப்படுவது நிஜமான டெதர் ஆங்கர். அதற்கு அடையாளம், பக்கத்திலேயே சின்னதாகக் கப்பல் நங்கூரப் படம். காருக்குக் கார் இடம் மாறும்: செடானில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில், வேனிலும் பெரிய வண்டிகளிலும் சீட்டின் முதுகில், தரையில், சிலவற்றில் கூரையில்கூட. சரக்குக் கொக்கி பெரும்பாலும் அதை விடப் பளிச்சென்று கண்ணில் படும், நான் ஏமாந்ததும் அதனால்தான். அமெரிக்காவில் 2002 செப்டம்பர் முதல் தயாரான பயணிகள் வண்டிகளில் கீழ் ஆங்கர்களும் டெதர் ஆங்கர்களும் கட்டாயம் என்பதால், இல்லை என்று நினைத்துவிடாமல் தேடுங்கள்.

இழுக்கிற இழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் லாரியில் பாரம் கட்டுகிற மாதிரி இறுக்குவார்கள். டெதர் தளர்வில்லாமல் நின்றால் போதும். அதற்கு மேல் இழுத்தால் சீட்டின் சாய்வுக் கோணமே மாறிவிடும். ஸ்வீடன் முறையில் அதிகமாக இழுத்தால் தலைப்பக்கம் கீழே அமுங்கி, கால்பக்கம் மெத்தையிலிருந்து தூக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலிய முறையில் அதிகமாக இழுத்தால் சீட் நிமிர்ந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு இது விளையாட்டில்லை. சீட் ரொம்ப நிமிர்ந்தால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் பட்டு மூச்சு அடைக்கலாம். அதனால் முதலில் சீட்டை பெல்ட்டால் பொருத்தி, பக்கவாட்டில் இருக்கும் கோடோ குமிழோ காட்டுகிற கோணத்தைச் சரிபார்த்து, அதன் பிறகே டெதர், டெதர் மாட்டியபின் மறுபடி கோணம். இந்த வரிசையை மாற்றினால் மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டிவரும், அனுபவம்.

முன் சீட்டை நகர்த்துவது பற்றி யாரும் சொல்வதில்லை. முன் சீட்டோடு சேர்ந்து நகரும் பாகத்தில் டெதர் கட்டப்பட்டிருந்தால், உயரமான ஒருவர் வந்து சீட்டைப் பின்னால் தள்ளியதும் டெதர் தொளதொளவென்று ஆகிவிடும், முன்னால் இழுத்தால் விறைத்துக் கார் சீட்டையே இழுக்கும். மனைவியும் நீங்களும் மாறி மாறி ஓட்டுகிறவர்கள் என்றால், டிரைவருக்குப் பின்னால் அந்த மாதிரி கட்டாமல் பக்கத்துச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, அந்த சீட்டை நகர்த்தாமல் விட்டுவிடுவது நல்லது.

கட்டாத டெதரைத் தொங்க விடுவதும் தவறுதான். மோதும்போது அந்த இரும்புக் கொக்கி வீசிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் குழந்தை அதை எடுத்துக் கடித்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். பின்னோக்கி வைக்கும்போது டெதருக்காகத் தவிக்கிற அதே ஆட்கள், குழந்தை வளர்ந்து சீட்டை முன்னோக்கித் திருப்பியதும் டெதரை மறந்தே போகிறார்கள். அமெரிக்கச் சீட்டுகளில் டெதரின் முக்கியமான வேலையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது, மோதும்போது குழந்தையின் தலை முன்னால் போகிற தூரத்தைப் பல அங்குலம் குறைப்பது அதுதான். திருப்புகிற அன்றைக்கே பையைத் திறந்து பட்டையை வெளியே எடுங்கள்.

திருப்ப அவசரமும் வேண்டாம். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏம்ப்பா, பிள்ளை முட்டியை மடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கே, திருப்பி வையேன்" என்று தினமும் ஒரு தடவை சொன்னார். வீட்டில் தரையில் உட்கார்ந்தாலும் அவள் சம்மணம்தான் போடுகிறாள் என்று காட்டிய பிறகுதான் விட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011ல் இரண்டு வயது வரையாவது பின்னோக்கி வையுங்கள் என்றது. 2018ல் அந்த வயதுக் கணக்கையும் எடுத்துவிட்டு, சீட்டுக் கம்பெனி சொல்லும் எடை அல்லது உயர வரம்பைத் தொடும் வரை முடிந்தவரை பின்னோக்கியே என்று மாற்றியது. முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்கிற இடத்தில் பின்னோக்கிச் சீட் வைக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, சீட்டை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது. டொராண்டோ சொந்தங்கள் விலை குறைவு என்று எல்லை தாண்டி பஃபலோவில் சீட் வாங்குவது உண்டு. கனடாவின் மேப்பிள் இலை முத்திரை ஸ்டிக்கர் இல்லாத சீட் அங்கே செல்லாது. ஆஸ்திரேலியாவிலும் அப்படியே, அவர்களுடைய தர எண் இல்லாத வெளிநாட்டுச் சீட்டைப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு. இந்தியாவுக்கு எடுத்துப்போனால் வேறு சிக்கல். அமெரிக்கக் காரில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டால் பூட்டிக்கொண்டு நிற்கும், அதை நம்பித்தான் பல சீட்டுகளைப் பொருத்துகிறோம். ஊரில் பெரும்பாலான காரில் அந்தப் பூட்டு கிடையாது. சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது காரில் ஐசோஃபிக்ஸ் கம்பி (பெல்ட் இல்லாமல் சீட்டை மாட்டும் கீழ் ஆங்கர்) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

டிசம்பரில் மெல்போர்ன் போகிறோம். எங்கள் சீட் வீட்டிலேயே இருக்கும். அக்கா அங்கே ஒன்று வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், மேல் பட்டையைத் தானே கட்டுவாளாம், நான் பக்கத்திலேயே வரக் கூடாதாம்.