ஆலைக் கணக்கில் மூலதனத்தைப் பிரிப்பது எப்படி

கார்ல் மார்க்சின் பொருளியலில் வரும் மாறா மூலதனம், மாறும் மூலதனம், நிலை மூலதனம், சுற்றோட்ட மூலதனம் என்று நாலு பெயரையும் ஒப்பித்துவிடுகிறவர்கள்கூட, ஒரு கணக்குத் தாளைக் கையில் கொடுத்தால் தடுமாறிப்போவார்கள். இவை நாலு தனித்தனிப் பைகள் என்று நினைப்பதுதான் கோளாறு. இருப்பது ஒரே மூலதனம், அதை இரண்டு வாக்கில் வெட்டுகிறோம். புது மதிப்பு எதிலிருந்து வருகிறது என்று பார்த்து வெட்டினால் மாறா (பொருளுக்கும் எந்திரத்துக்கும் போட்டது), மாறும் (கூலிக்குப் போட்டது). போட்ட பணம் எந்த விதமாகத் திரும்பி வருகிறது என்று பார்த்து வெட்டினால் நிலை (பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது), சுற்றோட்டம் (ஒரே சுற்றில் முழுதாகத் திரும்புவது).

பழகுவதற்கு மார்க்சின் ‘மூலதனம்’ நூலின் முதல் பாகத்தில் வரும் நூற்பாலையை விடத் தோதான உதாரணம் கிடையாது. மான்செஸ்டர் ஆலைக்காரர் ஒருவர் மார்க்சுக்குக் கொடுத்த கணக்கு அது. 10,000 நூற்புக் கதிர்கள், அமெரிக்கப் பஞ்சு, 32-ஆம் நம்பர் நூல், கதிருக்கு வாரம் ஒரு ராத்தல் நூல். பஞ்சு விலை 1871 ஏப்ரல் மாதத்தது.

முதலில் கால அளவை முடிவு செய்யுங்கள். இங்கே ஒரு வாரம். அந்த வாரத்தில் நூலுக்குள் போன மதிப்பை மட்டும் எழுத வேண்டும்.

பஞ்சு: நூல் 10,000 ராத்தல் என்பதால் பஞ்சும் 10,000 என்று போட்டுவிடாதீர்கள். கழிவு 600 ராத்தல் உண்டு, ஆகவே 10,600. தவிர்க்க முடியாத, வழக்கமான கழிவின் மதிப்பும் நூலின் மேல்தான் ஏறும். ராத்தல் 7¾ பென்ஸ், அப்போது பிரிட்டிஷ் பணத்தில் பவுண்டுக்கு 240 பென்ஸ்: சுமார் 342 பவுண்டு.

எந்திரம்: நீராவி எந்திரம் உட்பட கதிருக்கு ஒரு பவுண்டு, மொத்தம் 10,000 பவுண்டு. இந்த 10,000-ஐ வாரக் கணக்கில் அப்படியே சேர்த்தால் எல்லாம் குட்டிச்சுவர். தேய்மானம் ஆண்டுக்கு 10 சதவீதம், 1,000 பவுண்டு. வாரத்துக்கு 20 என்று மார்க்ஸ் முழுமையாக்கிக்கொள்கிறார். கட்டட வாடகை 6. நிலக்கரி 4½, எரிவாயு 1, எண்ணெய் முதலியவை 4½, ஆக 10. எல்லாம் கூட்டினால் மாறா மூலதனம் 378 பவுண்டு.

கூலி 52 பவுண்டு. மாறும் மூலதனம் இது ஒன்றுதான்.

நூல் ராத்தல் 12¼ பென்சுக்கு விற்கிறது. 10,000 ராத்தலுக்கு 510 பவுண்டு. 378-ம் 52-ம் கழித்தால் மிஞ்சுவது 80, அதுதான் உபரி மதிப்பு. சுரண்டல் வீதம், அதாவது கூலிக்கு உபரி எத்தனை சதவீதம் என்பது, காண 378-ஐச் சுழியாக வைத்துவிடுங்கள். பஞ்சும் எந்திரமும் தம் மதிப்பை நூலுக்குக் கைமாற்றுவதோடு சரி, புதிதாக ஒரு பென்சுகூடச் சேர்ப்பதில்லை. எனவே 80-ஐ 52-ஆல் வகுக்க வேண்டும், 430-ஆல் அல்ல: சுமார் 153.85 சதவீதம். பத்து மணி நேர வேலைநாளில், கூலிக்கு ஈடான மதிப்பை உண்டாக்க நாலு மணிக்கும் சற்றுக் குறைவு. மிச்சம் ஆறு மணிக்குச் சற்று மேல் முதலாளிக்கு.

இப்போது அதே தாளை இரண்டாம் வாக்கில் வெட்டுங்கள். இரண்டு வெட்டும் சேர்ந்தால் நாலு கட்டம். எந்திரம் மாறா மூலதனம், நிலை மூலதனமும்கூட. பஞ்சு மாறா மூலதனம்தான், ஆனால் சுற்றோட்ட மூலதனம். பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான்: ‘மாறா’ என்பதையும் ‘நிலை’ என்பதையும் ஒன்றாகப் படித்துவிடுகிறார்கள். கூலி மாறும் மூலதனம், சுற்றோட்ட மூலதனம். மாறும் மூலதனமாகவும் நிலை மூலதனமாகவும் இருக்கிற கட்டம் எப்போதும் காலி. பஞ்சையும் கூலியையும் ஒரே கட்டத்தில் பார்த்துப் பழகியவருக்கு உபரி எங்கிருந்து வருகிறது என்பதே கண்ணில் படாது. தமக்கு முந்திய பொருளியலாளர்களான ஆடம் ஸ்மித், டேவிட் ரிக்கார்டோ மேல் மார்க்ஸ் இரண்டாம் பாகத்தில் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான்.

நகர்கிறதா, நகராமல் நிற்கிறதா என்பது நிலை மூலதனத்துக்கு அளவுகோல் அல்ல. கப்பல் கடல் கடந்து போகிறது, இருந்தும் நிலை மூலதனம். மதிப்பு ஒரே உற்பத்திச் சுற்றில் முழுக்கப் போகிறதா, பல சுற்றுகளில் துளித்துளியாகப் போகிறதா என்று பாருங்கள். உழவு மாடு நிலை மூலதனம். அதே மாட்டை இறைச்சிக்காகக் கொழுக்க வைத்தால் கச்சாப் பொருள், சுற்றோட்டத்தில் சேரும். பொருளுக்கு நிரந்தரப் பெயர் கிடையாது. அது செய்கிற வேலைக்குத்தான் பெயர்.

பணமூலதனம், உற்பத்தி மூலதனம், சரக்கு மூலதனம் என்பவை இந்தக் கட்டங்களுக்குள் வராது. அவை தொழில் மூலதனம் சுற்றி வரும்போது மாற்றிக்கொள்ளும் உடைகள். பெட்டியில் காசு, ஆலையில் பஞ்சும் ஆளும், கிடங்கில் நூல், மறுபடி காசு.

விற்பனைக் குமாஸ்தாவின் சம்பளத்தை 52-உடன் சேர்க்காதீர்கள். அது சரக்கை விற்கும் செலவு, அதாவது சுற்றோட்டச் செலவு (சுற்றோட்ட மூலதனம் வேறு), உபரியிலிருந்து ஈடாகிறது. ஆனால் சரக்கை இடம் மாற்றும் போக்குவரத்துத் தொழிலாளியின் கூலி மாறும் மூலதனம்தான்.

கடைசியாக லாப வீதம், அதாவது போட்ட மொத்த மூலதனத்துக்கு உபரி எத்தனை சதவீதம் என்பது. 80-ஐ 430-ஆல் வகுத்தால் 18.6 சதவீதம் வரும். அது ஆண்டு லாப வீதம் அல்ல, ஏனென்றால் முதலாளி போட்டது 430 பவுண்டு இல்லை. மூன்றாம் பாகத்தின் நாலாம் அத்தியாயத்துக்கு மார்க்ஸ் தலைப்பை மட்டுமே விட்டுச்சென்றார். அதை எழுதி முடித்த அவருடைய தோழர் எங்கெல்ஸ் இதே ஆலையை எடுத்து, சுற்றோட்ட மூலதனம் 2,500 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறார். எந்திரத்தோடு சேர்த்து 12,500. ஆண்டு உபரி 80 × 52 = 4,160. லாப வீதம் 33.28 சதவீதம்.

ஆண்டுக் கூலி 2,704 பவுண்டு. அதை முன்பணமாகப் போட்ட மாறும் மூலதனம் என்று எழுதுவதும் தவறு. தேய்மானம் நீங்கலாக வாரச் செலவு 358 + 52 = 410, ஆண்டுக்கு 21,320. இதை 2,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8½ சுற்று. 2,704-ஐ 8½-ஆல் வகுத்தால் 318 பவுண்டு. கூலிக்காகக் கையில் இருந்த முதல் அவ்வளவுதான்; மிச்ச 12,182 மாறா மூலதனம்.